எட்டு பாரோடு நின்றுபோகும் பாட்டுகள்: ஒன்பதாவது பாரில் என்ன செய்கிறீர்கள்?

மதுரை_பேஸ்:
வணக்கம் நண்பர்களே. பகலில் கணக்கு எழுதும் வேலை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் லேப்டாப்பில் இசை. ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்தால் கிடப்பதெல்லாம் எட்டு எட்டு பார் துண்டுகள் (நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார்). கிக், கிளாப், ஹை-ஹாட் என்று டிரம் அடிகள், பேஸ், மேலே ஒரு சின்த் மெட்டு, பின்னால் நீளமாக ஒலிக்கும் ஒரு பேட். சுற்றவிட்டுக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து என்ன வரவேண்டும் என்று யோசிக்கும்போதுதான் கை நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கிக் சத்தத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பேன், அப்புறம் தூக்கம் வந்துவிடும்.

பாட்டைப் பதிந்து அடுக்க ரீப்பர் மென்பொருள் பயன்படுத்துகிறேன். சின்த்துக்கு வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, இரண்டும் காசு கொடுக்காமல் இறக்கியவை. எட்டு ஜிபி ராம், ஒரு ஹெட்ஃபோன், இரண்டு ஆக்டேவ் மிடி கீபோர்ட். நல்ல சின்த் ஒன்று வாங்கிவிட்டால் பாட்டு தானாக நகரும் என்று நண்பன் ஒருவன் சொல்கிறான். வாங்கலாமா?

பழைய_கேசட்:
வாங்க வேண்டாம் தம்பி. 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் என்கிற சினிமா ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு முழு ஆல்பமே செய்தார். கையில் இருந்தவை ரோலண்ட் கம்பெனியின் ஜூபிட்டர்-8 சின்த், டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் மெஷின். மூன்றே மூன்று. அப்போது அது விற்கவில்லை. பல வருஷம் கழித்து மேல்நாட்டுக்காரர்கள் கேட்டுவிட்டு, ஆசிட் ஹவுஸ் என்கிற நடன இசை பிறப்பதற்கு முன்பே இவர் அந்த ஒலியைத் தொட்டுவிட்டாரே என்று வாயைப் பிளந்தார்கள். உங்கள் சர்ஜ் ஒன்றிலேயே அந்த மூன்றையும்விட அதிக வகை ஒலிகள் இருக்கின்றன.

ஒலி தேடுவது ஒரு வேலை, பாட்டை அடுக்குவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ராத்திரியில் செய்வதால்தான் இந்த வம்பு. 120 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 120 தட்டில், ஒரு பார் 2 வினாடி. எட்டு பார் 16 வினாடி. 96 பார் இருந்தால் 3 நிமிடம் 12 வினாடி, ஒரு பாட்டின் நீளம். உங்கள் எட்டு பாரை அப்படியே பன்னிரண்டு முறை வரிசையாக ஒட்டிவிடுங்கள். பாட்டு முழு நீளத்துக்கு வந்துவிட்டது. படுமோசமான பாட்டு, ஆனால் முழுப்பாட்டு. இனிமேல் எதையும் சேர்க்கக் கூடாது, அழிக்க மட்டும் செய்யலாம்.

முதல் 16 பாரில் பேஸ் வேண்டாம். மெட்டு 25ஆவது பாருக்கு முன்னால் தலைகாட்ட வேண்டாம். 49இலிருந்து எட்டு பாருக்குக் கிக்கையே தூக்கிவிட்டுப் பேடையும் மெட்டையும் தனியாக விடுங்கள். கிக் திரும்பி வருவதற்கு முந்தைய ஒரு எண்ணிக்கை முழு மௌனம். வால்யூமைத் தொடாமலே அந்த இடம் பெரிதாகக் கேட்கும்.

இன்னொன்று. அடுக்க உட்காருவதற்கு முன் சின்த் டிராக் எல்லாவற்றையும் ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். ரீப்பரில் டிராக் மேல் ரைட் கிளிக் செய்தால் இருக்கும். சின்த் வெறும் ஆடியோவாக மாறிவிடும், எட்டு ஜிபி லேப்டாப்புக்கும் மூச்சு வரும், கிக்கை மாற்றிப் பார்க்கும் சபலமும் போகும்.

யாழ்_அலை:
அண்ணை சொல்வதில் பாதியோடு எனக்கு உடன்பாடில்லை. அழித்து அழித்துச் செய்தால் எட்டு பாருக்கு ஒருமுறை ஏதோ ஒன்று வரும், ஏதோ ஒன்று போகும். இணையத்துப் பாடங்கள் முக்கால்வாசியும் இதைத்தான் சொல்லித் தருகின்றன. அதனால்தான் வீட்டில் செய்யும் பாட்டுகள் பலதும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கின்றன. 17ஆவது பாரில் ஹை-ஹாட் வரும் என்று கேட்பவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.

நான் பாவிக்கிற வழி வேறு. ஒரு பாரை 16 கட்டமாகப் பிரியுங்கள். கிக் 16 கட்டத்தில் சுற்றட்டும். ஹை-ஹாட்டின் மிடி துண்டை (எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பு) 7 கட்டத்தில் வெட்டிச் சுற்றவிடுங்கள். இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சேர ஏழு பார் ஆகும். இன்னொரு சின்ன மணிச்சத்தத்தை 5 கட்டத்தில் விட்டால் மூன்றும் சேர 35 பார். 120இல் அது 70 வினாடி. 70 வினாடிக்கு ஒரு பார் மாதிரி இன்னொரு பார் இராது, நீங்கள் எதையும் நகல் எடுத்து ஒட்டவும் இல்லை. கிக்கை மட்டும் இந்த விளையாட்டில் சேர்க்காதீர்கள், ஆடுகிறவரின் கால் குழம்பிவிடும்.

பழைய_கேசட்:
அது சுவாரசியமான சுற்றல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுற்றல்தானே. 70 வினாடி கேட்ட பிறகும் பாட்டு எங்கேயும் போயிருக்காது. பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது ஒரு கதவு திறக்கிற உணர்வு வருமே, அது கட்டத்தை மாற்றி வெட்டினால் வராது.

யாழ்_அலை:
கதவு எல்லாப் பாட்டுக்கும் தேவையா? இரவு முழுக்க ஓடுகிற டெக்னோவில் எந்தச் சரணம் இருக்கிறது?

பழைய_கேசட்:
மதுரை_பேஸ் கேட்டது இரவு முழுக்க ஓடும் டெக்னோ இல்லையே.

தகர_டப்பா:
இவ்வளவு பாடு எதற்கு? ஏஐயில் ஒரு வரி எழுதினால் மூன்று நிமிடப் பாட்டே வந்து விழுகிறது.

பழைய_கேசட்:
விழும். இந்த இழை அதற்கு இல்லை தம்பி.

சுருதிப்பெட்டி:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். வீணை கற்றவள், இரண்டு வருஷமாக ஏபிள்டன் இசை மென்பொருள் பக்கம் வந்திருக்கிறேன். பழைய_கேசட் சொல்கிற கதவைத் திறக்க நம் மிருதங்கக்காரர்களிடம் நல்ல சாவி ஒன்று இருக்கிறது, அதை ஏன் யாரும் எடுப்பதில்லை என்று தெரியவில்லை. மோரா. ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து, நடுவில் இரண்டு இடத்தில் கார்வை (இடைவெளி) விட்டு, சரியாக சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், வந்து விழுவார்கள்.

யாழ்_அலையின் கட்டத்திலேயே கணக்குப் போடலாம். 16 கட்டத்துக்கு: தகதிமி 4, கார்வை 2, தகதிமி 4, கார்வை 2, தகதிமி 4. அடுத்த பாரின் முதல் கட்டத்தில் கிக் இறங்கும். இரண்டு பார் நீளம் வேண்டுமென்றால் 8, 4, 8, 4, 8. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் பாட்டுச் செய்பவர்கள் ப்ராஜெக்டை 7/8இல் வைத்தால் ஒரு பாருக்கு 14 கட்டம்: 4, 1, 4, 1, 4. டாம், கிளாப், வெட்டிய குரல் எதில் வேண்டுமானாலும் வாசிக்கலாம். எங்கேயோ போய் விழப்போகிறது என்று கேட்பவருக்கு இரண்டாவது முறையிலேயே தெரிந்துவிடும், மூன்றாவதில் காத்திருப்பார். ரெடிமேட் டிரம் ஃபில்லை இழுத்துப் போட்டால் இந்தக் காத்திருப்பு வராது.

ஒரே எச்சரிக்கை, எட்டு பாருக்கு ஒரு மோரா வைக்காதீர்கள். கச்சேரியிலும் அப்படி வாசித்தால் பாடுகிறவர் திரும்பி முறைப்பார்.

அது இருக்கட்டும், மேலே இருக்கிற மெட்டு என்ன ராகம்?

மதுரை_பேஸ்:
எல்லோருக்கும் நன்றி. மூன்றையும் கலந்து பார்த்தேன். 96 பாருக்கு ஒட்டி, அழித்து, ஹை-ஹாட்டை 7 கட்டத்தில் விட்டு, 56ஆவது பாரில் 4-2-4-2-4 வைத்தேன். மாமா பையன் அந்த இடத்தில் தலையை ஆட்டினான். அவன் எதற்கும் தலையாட்டுகிறவன் இல்லை.

மெட்டு தோடி சாயலில், சுருதி ஏ (A). ஆனால் சின்த்தில் வாசித்தால் குழந்தைகள் பொம்மைக் கீபோர்டில் தட்டுவது போல இருக்கிறது. விப்ராட்டோ போட்டேன், அப்போது பழைய பேய்ப்படம் போல ஆகிவிட்டது. ஏன்?

சுருதிப்பெட்டி:
தோடி என்றால் கஷ்டம்தான், வேண்டுமென்றே கஷ்டமான ராகத்தைப் பிடித்திருக்கிறீர்கள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்யமத்தின் பக்கம் போய்வருகிற அசைவுக்குத்தான் அங்கே காந்தாரம் என்று பெயர். கீபோர்டின் ஒரே கட்டையைப் பிடித்துக்கொண்டு எல்எஃப்ஓ என்கிற தானியங்கி ஆட்டத்தால் மேலும் கீழும் சம அளவில் ஆட்டினால் அது பேய்ப்படம்தான் ஆகும். கமகத்தின், அதாவது ஸ்வரத்தின் இந்த அசைவின், வேகம் ஒரே சீராக இருக்காது. ஓரத்தில் கொஞ்சம் தங்கும், நடுவில் சட்டென்று கடக்கும், ஸ்வரத்தை விடப்போகும்போது அசைவு மாறும்.

செய்ய வேண்டியவை: சின்த்தை மோனோவிலும் (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்) லெகாட்டோவிலும் (ஸ்வரங்கள் விடாமல் தொடர்வது) வையுங்கள். கிளைடை, அதாவது சறுக்கும் நேரத்தை, 60லிருந்து 90 மில்லிசெகண்டுக்குள் வைத்துப் பாருங்கள். இப்போது ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் சறுக்கிக்கொண்டு போகும், ஜாருக்கு இதுவே போதும். கம்பிதம் என்கிற ஆட்டத்துக்குப் பிட்ச் பெண்ட், அதாவது சுருதியை வளைக்கும் வீல், வேண்டும். பெரும்பாலான சின்த்களில் பெண்ட் எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்றுதான் வரும். அதை 12 ஆக்குங்கள். அவ்வளவு விரித்தால் படிப்படியாகக் கேட்குமோ என்று பயம் வேண்டாம். மற்ற மிடி கண்ட்ரோல்களுக்கு 0 முதல் 127 வரைதான் எண், பிட்ச் பெண்டுக்கு மட்டும் 16,384 படிகள்.

அப்புறம், மௌஸால் வளைவு வரையாதீர்கள். மெட்டை வாயால் பாடிக்கொண்டே வீலை விரலால் ஆட்டிப் பதிவு செய்யுங்கள். பாதி வேகத்தில் பதிந்து பிறகு வேகத்தைக் கூட்டலாம், மிடிதானே. தப்பாக விழுந்த இடத்தை மட்டும் பிறகு திருத்தலாம். ஒழுங்குபடுத்துகிறேன் என்று எல்லாவற்றையும் கட்டத்துக்கு நேராக்கி குவான்டைஸ் செய்துவிட்டால் பாடிய தடமே மிஞ்சாது.

கடைசியாக அந்தப் பேட். அது என்ன கார்ட் வாசிக்கிறது? அசைகிற காந்தாரத்துக்குக் கீழே அசையாத காந்தாரம் உள்ள கார்டை வைத்தால் இரண்டும் சண்டை போடும். ஸ, ப இரண்டை மட்டும் வைத்துப் பாருங்கள். அந்தர காந்தாரம் வரும் ராகங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: நல்ல தம்புராவின் நாதத்திலேயே கேட்கும் காந்தாரம் கீபோர்ட் காந்தாரத்தைவிட 14 சென்ட் (ஒரு அரைச்சுரத்தில் நூறில் 14 பங்கு) கீழே. உங்கள் சர்ஜில் ஸ்வர அளவுகளைச் சொல்லும் ஸ்கேலா ஃபைல் ஏற்றி சுருதியை மாற்றிக்கொள்ளலாம். தோடிக்கு இது இப்போது அவசரமில்லை.

மதுரை_பேஸ்:
பேடை ஸ-பவாக மாற்றியதுமே மெட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. வீல் வேலை நடந்துகொண்டிருக்கிறது, விரல் இன்னும் பழகவில்லை.

இப்போது வேறு தலைவலி. ஹெட்ஃபோனில் பேஸ் அளவாக இருக்கிறது. அண்ணன் ரூமில் ஸ்பீக்கர் இருக்கிறது, அதில் போட்டால் ஸட்ஜம் வரும்போதெல்லாம் பீரோ அதிர்கிறது, மற்ற ஸ்வரங்கள் சும்மா இருக்கின்றன. போனில் போட்டால் பேஸே இல்லை. ரூம் பத்துக்குப் பத்து, காங்கிரீட். எந்தப் பேச்சைக் கேட்பது?

மிக்ஸ்_கசாயம்:
இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் என் வேலை வந்திருக்கிறது.

பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி அலையின் பாதி சரியாகப் பொருந்துகிற அதிர்வெண் 343ஐ 6.1ஆல் வகுத்தால் வரும்: 56 ஹெர்ட்ஸ். உங்கள் பேஸின் ஸட்ஜம் ஏ, அதாவது 55. அறை அந்த ஸ்வரத்தைக் கூடச் சேர்ந்து பாடுகிறது. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு ஜோடிச் சுவரும் ஒரே ஸ்வரத்தைப் பாடுகின்றன. சதுர அறை மிக மோசமான அறைகளில் ஒன்று, நம் வீடுகளில் பாதி அறை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

நம்பிக்கை இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் முழுவதையும் மூன்று அரைச்சுரம் ஏற்றி சி (C) சுருதிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பேஸ் 65 ஹெர்ட்ஸுக்குப் போகும், பீரோ அடங்கும். அப்படி அடங்கினால் மிக்ஸில் கை வைக்காதீர்கள். ஈக்யூ எடுத்து 55ஐ வெட்டினால் உங்கள் அண்ணன் ரூமுக்கு மட்டும் சரியாக இருக்கும், ஊருக்கெல்லாம் பேஸ் இல்லாத பாட்டுப் போகும்.

உட்காரும் இடமும் முக்கியம். அறைக்கு நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே 56 ஹெர்ட்ஸ் காணாமல் போகும், சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் வீங்கும். ஸ்பீக்கர் பக்கத்துச் சுவரிலிருந்து நாலடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தலை இருக்கட்டும். முட்டை அட்டை ஒட்டச் சொல்லி யாராவது வருவார்கள். ஒட்டினால் முட்டை அட்டை ஒட்டிய அறை கிடைக்கும், அவ்வளவுதான். 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டருக்கு மேல், அரை அங்குல அட்டை அதை என்ன செய்யும்? மூலைகளில் நாலங்குலத்துக்குக் குறையாத ராக்வூல் வைத்தால் கொஞ்சம் பலன் தெரியும். வாடகை வீட்டில் அது முடியாது என்றால் ஹெட்ஃபோனை நம்புங்கள், உங்களுக்குப் பழகிய பாட்டு ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிட்டுக்கொண்டே இருங்கள்.

போன் விஷயம் வேறு. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 55 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன், அதாவது மெல்லிய சிதைவு, போட்டால் 110, 165, 220 என்று மேல்கிளைகள் முளைக்கும், காது அதைக் கேட்டுக் கீழே இருப்பதைத் தானே ஊகித்துக்கொள்ளும். கொஞ்சம் என்றால் கொஞ்சம்.

தகர_டப்பா:
நல்லா சொன்னீங்க சார். எனக்கு ரெண்டு சந்தேகம். சினிமாப் பாட்டு அளவுக்குச் சத்தமாக வர மாஸ்டரில், அதாவது முழு மிக்ஸில், உச்சத்தை அடக்கும் லிமிட்டரை எவ்வளவு தள்ளலாம்? அப்புறம் பழைய படத்து வசனம் ஒன்றை நாலு வினாடி வெட்டி வைத்திருக்கிறேன். ஐந்து வினாடிக்குள் இருந்தால் காப்பிரைட் வராதாமே?

மிக்ஸ்_கசாயம்:
முதலாவது. வழக்கமான அமைப்பில் ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஓட்டுகிறது. யூடியூப்பும் சத்தமான பாட்டைக் குறைத்துவிடும். மைனஸ் 7க்குத் தள்ளினால் அவர்கள் 7 டெசிபல் குறைப்பார்கள், நசுங்கிய டிரம்ஸ் மட்டும் உங்களுக்கு மிச்சம். அதற்காக மைனஸ் 14ஐக் குறிவைத்து மிக்ஸ் செய்யவும் வேண்டாம். கிக்கின் அடி உயிரோடு இருக்கும்வரை தள்ளுங்கள், செத்ததும் ஒரு படி இறங்குங்கள். உச்சம் மைனஸ் 1ஐத் தாண்டாமல் இருக்கட்டும், எம்பி3 ஆக்கும்போது உடையாது. மிக்ஸ் செய்யும்போது டிராக்குகளை மைனஸ் 12 பக்கம் வைத்தால் போதும். 24 பிட்டில் இடம் தாராளமாக இருக்கிறது.

இரண்டாவது, ஐந்து வினாடி விதி என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்தியாவின் 1957ஆம் வருஷச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியீட்டுக்குப் பிறகு 60 வருஷம் பாதுகாப்பு. பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 வருஷம். பிறர் பாட்டைத் தேடிப் பிடிக்கும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி நாலு வினாடியையும் பிடித்துவிடலாம்.

யாழ்_அலை:
வசனத்துக்குப் பதில் நீங்களே ஏதாவது பதியுங்கள். இட்லிப் பானை மூடி, மழைத்தண்ணி தகரத்தில் விழும் சத்தம், மோட்டார் ஓடத் தொடங்கும்போது வருகிற உறுமல். போனில் பதிந்தாலும் போதும், ஆனால் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு செயலியில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம். மைக் வைத்துப் பதிகிறபோது அடியில் ஒரு ரீங்காரம் வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் பதிந்து பாருங்கள்.

இட்லிப் பானை மூடியை இரண்டு ஆக்டேவ் இறக்கி, முன்பக்கத்தை வெட்டிவிட்டு, வாலை மட்டும் நீட்டினால் எந்தச் சின்த்திலும் இல்லாத பேட் கிடைக்கும். மெய்யாகவே செய்து பாருங்கள்.

பழைய_கேசட்:
கேட்கப் பெரிய வேலை போல இருக்கும், ஐந்து நிமிடம்தான். டேப்பை வெட்டி ஒட்டிய காலத்தில் இதற்கே ஒரு நாள் போகும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியில் 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவி எலக்ட்ரானிக் ஸ்டுடியோ தொடங்கினார். அங்கே செய்தவர்கள் எல்லோரும் டேப்பில்தான் செய்தார்கள். இப்போது அதைவிடப் பெரிய ஸ்டுடியோ இந்தத் தம்பியின் லேப்டாப்பில், எட்டு பாரில் சுற்றிக்கொண்டிருந்தது.

மதுரை_பேஸ்:
இட்லி மூடியைப் பதிந்தேன், அம்மா ஒரு மாதிரி பார்த்தார். பேடை எடுத்துவிட்டு அதை வைத்தேன், ஸட்ஜத்துக்குச் சுருதி சேர்த்து. சுருதியை சி-க்கு (C) ஏற்றினேன், பீரோ அடங்கியது, ஆனால் மெட்டு கீச்சென்று ஆனது. அதனால் மறுபடி ஏ, நாற்காலியைத்தான் நகர்த்தியிருக்கிறேன். முழுப்பாட்டும் 3 நிமிடம் 12 வினாடி. மேலே ஏற்றியிருக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஸ்டெம்களும், அதாவது ஒவ்வொரு டிராக்கும் தனி ஃபைலாக, இருக்கின்றன, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்.

சுருதிப்பெட்டி:
கேட்டேன். 33ஆவது பாரில் இரண்டாவது காந்தாரம் நன்றாக வந்திருக்கிறது. முதலாவது இன்னும் விப்ராட்டோதான். 70ஆவது பாருக்கு மேல் மத்யமத்தில் நிற்கும் இடத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

மிக்ஸ்_கசாயம்:
கிக்கும் பேஸும் ஒரே நேரத்தில் விழும்போது இரண்டும் தெரியவில்லை. கிக் அடிக்கும்போது பேஸ் மூன்று நான்கு டெசிபல் ஒதுங்கும்படி சைட்செயின் வையுங்கள். மற்றபடி மாஸ்டர் செய்யும் அளவுக்கு வந்துவிட்டது.

பழைய_கேசட்:
மோராவுக்கு முன்னால் எட்டு பாரும் இட்லி மூடி ஓடிக்கொண்டே இருக்கிறது. 53லிருந்து அதை எடுத்துவிடு தம்பி, மெட்டு தனியாக நிற்கட்டும்.

மதுரை_பேஸ்:
சைட்செயினும் மத்யமமும் இன்று ராத்திரி மாற்றிவிடுகிறேன். அந்த மூடியை மட்டும் எடுக்க மாட்டேன் அண்ணா, பாட்டிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

யாழ்_அலை:
எடுக்காதீர்கள். ஸ்டெம்களை இறக்கிவிட்டேன், ஹை-ஹாட்டை 7லிருந்து 9 கட்டமாக்கி ஒரு ரீமிக்ஸ் செய்யலாமா?